மூக்கிரட்டைக் கீரை: சேலத்தில் கட்டாகவா, பொடியாகவா, எப்படி வாங்குவது?

சேலத்தில் மூக்கிரட்டை மூன்று விதமாக விற்பனைக்கு வருகிறது. உழவர் சந்தையிலும் தெருவில் கூடைக்காரம்மாவிடமும் பச்சைக் கட்டாகக் கிடைக்கும். நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த வேராகவும், சமூலமாகவும், அதாவது வேரோடு காய்ந்த முழுச் செடியாகவும் கிடைக்கும். இயற்கை அங்காடிகளிலும் இணையத்திலும் பொடி பாக்கெட்டாகக் கிடைக்கும். சமைத்துச் சாப்பிட என்றால் பச்சைக் கட்டைத் தவிர வேறு எதற்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. அந்தக் கட்டும் வேரோடும் பூவோடும் இருக்க வேண்டும். மூக்கிரட்டை என்ற பெயரில் சாரணை என்ற வேறொரு செடி கைமாறுவது நம் பக்கம் சகஜம் என்பதுதான் இதற்குக் காரணம். கட்டைப் பிரித்துப் பார்த்தால் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடலாம். பொடியான பிறகு கண்ணால் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே முதலில் அடையாளம். மூக்கிரட்டையின் தாவரவியல் பெயர் போயர்ஹாவியா டிஃபியூசா. காகிதப்பூவும் அந்திமந்தாரையும் சேர்ந்த குடும்பம். தரையோடு படர்ந்து நாலா பக்கமும் ஓடும் கொடி. கணுக்கள் கொஞ்சம் புடைத்து, தண்டு செம்மை ஓடியிருக்கும். கணுவுக்கு இரண்டு இலை எதிரெதிரே இருக்கும். ஒன்று பெரியது, இன்னொன்று சிறியது. இலையின் மேல்பக்கம் பச்சை, அடிப்பக்கம் வெளிறிய சாம்பல் வெள்ளை. ஓரம் லேசாக நெளிந்து, பல செடிகளில் சிவப்புக் கோடு போட்டதுபோல் இருக்கும்.

சாரணைக்கும் இதே படர்ச்சி, இதே பெரிது சிறிதான இலை ஜோடி. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. இலையை மட்டும் பார்த்து முடிவு கட்டாமல் பூவைப் பாருங்கள். மூக்கிரட்டையின் பூ கடுகைவிடச் சற்றுப் பெரியது, கருஞ்சிவப்பும் ரோஜா நிறமும் கலந்தது. நூல் மாதிரி மெல்லிய காம்பு கிளைகிளையாகப் பிரிந்து இலைக்கூட்டத்தை விட்டு வெளியே நீண்டு, அதன் நுனியில் பூக்கும். சாரணையில் பூவுக்கென்று காம்பே தெரியாது. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் உறைபோல் அகன்றிருக்கும். பூ அந்த மடியிலேயே, வெள்ளையாகவோ வெளிர் ரோஜா நிறத்திலோ ஒட்டி உட்கார்ந்திருக்கும். தண்டை ஒடித்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியும். சாரணைத் தண்டு சதைப்பிடிப்பாக நீர் கோத்திருக்கும், இலையும் தடித்திருக்கும். மூக்கிரட்டைத் தண்டு மெலிந்து நார் ஓடியிருக்கும்.

வேரோடு வாங்கச் சொல்வதற்கும் இதுவே காரணம். மூக்கிரட்டை பல வருடம் நிற்கும் செடி. மேலே காய்ந்து போனாலும் மண்ணுக்குள் தடித்த ஆணிவேர் உயிரோடு இருந்து அடுத்த மழைக்குத் துளிர்க்கும். சாரணை ஒரு பருவத்தோடு முடிகிற செடி, வேர் மெலிசு. ஒரு முற்றிய செடியின் வேரைப் பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீரும். ஆனால் விதையிலிருந்து இந்த மழைக்குத்தான் முளைத்த இளஞ்செடியாக இருந்தால் மூக்கிரட்டையின் வேரும் மெலிசாகத்தான் இருக்கும். அப்போது பூவே சாட்சி.

சாரணை நஞ்சு கிடையாது. அதன் கொழுந்தையும் கீரையாகக் கடைவார்கள். முற்றியதைச் சாப்பிட்டால் வயிற்றைக் கலக்கும். அது வேண்டும் என்று கேட்டு வாங்குகிறவர்கள் வாங்கட்டும். இதன் பெயரில் அதைத் தலையில் கட்டுவதுதான் தவறு.

இன்னொரு செடியும் கட்டில் கலந்து வருகிறது. சாலையோரங்களில் நிமிர்ந்து வளரும் போயர்ஹாவியா எரெக்டா. மூக்கிரட்டைக்கு நேர் உறவு என்பதால் இலையில் பெரிய வித்தியாசம் தெரியாது. காயை விரலில் உரசிப் பாருங்கள். மூக்கிரட்டைக் காய் ஐந்து வரி ஓடி, பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். நிமிர்ந்த செடியின் காய் மேல்பக்கம் வெட்டிவிட்டதுபோல் தட்டையாக இருக்கும், ஒட்டாது.

இனி எங்கே வாங்குவது என்று பார்ப்போம். சூரமங்கலம், அம்மாப்பேட்டை, அஸ்தம்பட்டி, தாதகாப்பட்டி ஆகிய நான்கு உழவர் சந்தைகளும் நகருக்குள்ளேயே இருக்கின்றன. 1999இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் விவசாயி அடையாள அட்டையோடு வந்து, கடை வாடகை இல்லாமல் தன் விளைச்சலைத் தானே விற்கிறார். மூக்கிரட்டை வாங்குகிறவருக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. பறித்தவரே எதிரில் உட்கார்ந்திருப்பதால் எந்தக் காட்டில் பறித்தது என்று கேட்டால் பதில் கிடைக்கும். குறை என்னவென்றால், இது யாரும் பயிர் செய்கிற கீரை இல்லை. அரைக்கீரை, சிறுகீரைக் கட்டுகளுக்கு நடுவே கொஞ்சமாக வரும். வராத நாளும் உண்டு. விடிகாலையில் போனால்தான் கிடைக்கும். ஏழு எட்டு மணிக்கு மேல் போனால், இருப்பது வாடிய கட்டாகத்தான் இருக்கும்.

பருவமும் முக்கியம். கோடை மழை விழுந்து மூன்று நான்கு வாரத்தில் முதல் கொழுந்து வரும். ஆடி, ஆவணியிலிருந்து ஐப்பசி, கார்த்திகை வரை நல்ல கீரை கிடைக்கும். தையிலிருந்து இலை சிறுத்து, தண்டு விறகாகி, காம்பெல்லாம் காயாக நிற்கும். மாசி, பங்குனியில் கட்டு குண்டாகத் தெரிந்தால் அதில் தேறுவது நாரும் காயும்தான். அந்த மாதங்களில் இதை வாங்காமல் மணத்தக்காளிக்குப் போவது நல்லது.

தெருவில் தலைச்சுமையாகக் கொண்டுவரும் அம்மாக்களிடம் பெரும்பாலும் உழவர் சந்தையைவிடப் பச்சையான கீரை இருக்கும். வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம், பனமரத்துப்பட்டிப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர்கள் முந்தின நாள் மாலையோ அன்று விடியலிலோ பறித்திருப்பார்கள். அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: “ஏங்க்கா, இது எந்தக் காட்டுல பறிச்சது? மருந்து அடிச்ச காடா?” மூக்கிரட்டை விவசாயிக்குக் களை. மக்காச்சோளக் காட்டில் விதைத்த கையோடு அட்ரசின் என்ற களைக்கொல்லி தெளிப்பது இங்கே வழக்கம். அதையும் மீறி முளைத்து நிற்கும் கீரையைப் பறித்துக் கட்டினால் பார்க்க எந்த வித்தியாசமும் இருக்காது, கழுவினாலும் முழுக்கப் போகாது. மானாவாரி நிலக்கடலைக் காடு, வரப்பு, தென்னந்தோப்பு என்று பதில் வந்தால் அடுத்ததாக எப்போது மருந்து அடித்தார்கள் என்று கேட்டுவிட்டு வாங்கலாம். “அங்கங்க பறிச்சதுதான் சாமி” என்று வந்தால் வேண்டாம்.

சேலத்தில் எங்கே பறித்த கீரையை வாங்கக் கூடாது என்று மூன்று இடங்களைச் சொல்லியாக வேண்டும். திருமணிமுத்தாற்றங்கரை முதலாவது. நகரின் சாக்கடையும் சாயக்கழிவும் கலந்து ஓடிய ஆறு அது. அதன் கரையில் மூக்கிரட்டை செழிப்பாக வளர்வதைப் பார்த்து ஏமாறக் கூடாது. அடுத்தது, ஏற்காட்டு அடிவாரத்துக்கும் ஓமலூர் சாலைக்கும் இடையிலுள்ள வெள்ளைக்கல் (மாக்னசைட்) சுரங்கப் பகுதி. மாக்னசைட் இருக்கும் அந்தப் பாறை வகையில் நிக்கலும் குரோமியமும் இயற்கையாகவே அதிகம். சுரங்கத்தூசு வேறு இலையின் அடியில் படியும். மூன்றாவது நெடுஞ்சாலை ஓரம். இலை தரையோடு கிடப்பதால் வண்டிப் புகையும் டயர்த் தூசும் மற்றக் கீரைகளைவிட இதில்தான் கூடுதலாக ஒட்டும்.

கட்டைக் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியது இலையின் அடிப்பக்கம். சீரான சாம்பல் வெள்ளை என்றால் அது இயல்பு. அதற்கு மேல் சுண்ணாம்புப் பொட்டுப் பொட்டாகக் கொப்புளம் இருந்து, விரலால் தேய்த்தால் மாவுபோல் உதிர்ந்தால் அது வெள்ளைத்துரு நோய். மழை தொடர்ந்து பெய்யும் வாரங்களில் இது நிறைய வரும். நாலைந்து இலை என்றால் கிள்ளிப் போடலாம். கட்டு முழுக்க இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு காம்புகளைப் பாருங்கள். பூ இருக்கலாம், இருந்தால் நல்லதே. காய் நிறைய இருந்தால் கீரை முற்றிவிட்டது என்று பொருள். அந்த ஒட்டும் காய்கள் ஆயும்போது இலையோடு ஒட்டிக்கொண்டு வந்து, கடைசலில் நறநறவென்று பல்லில் மாட்டும். பலர் மண் சரியாகப் போகவில்லை என்று நினைப்பது பல சமயம் இந்தக் காயைத்தான்.

விலை பெரும்பாலும் கட்டு 15 முதல் 20 ரூபாய். கால் கிலோ எடையுள்ள கட்டை ஆய்ந்தால் இலையும் கொழுந்தும் 100 முதல் 120 கிராம்தான் தேறும். அது இரண்டு பேருக்குக் கடைசல். அதே காசுக்கு அரைக்கீரை இரண்டு மடங்கு கிடைக்குமே என்று கணக்குப் பார்த்தால் இது கட்டுப்படியாகாத கீரைதான். ஆனால் அந்த மண்வாசமும் லேசான கசப்பும், பருப்போடு சேர்ந்ததும் வரும் கெட்டியான ருசியும் பயிர்க்கீரை எதிலும் இல்லை. பருவத்தில் மாதம் இரண்டு முறை வாங்க அந்த விலை தகும்.

ஆய்வதற்குப் பொறுமை வேண்டும். நுனியிலிருந்து நான்கு விரல்கடை வரை தண்டோடு கிள்ளலாம். அதற்குக் கீழே இலையை மட்டும் உருவ வேண்டும். தண்டு நகத்தில் சட்டென ஒடியாமல் வளைந்தால் அது வேண்டாம். அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் வைத்துக் கீரையைப் போட்டு அலசி, ஐந்து நிமிடம் விட்டு, கீரையை மேலாக அள்ளி எடுக்க வேண்டும். தண்ணீரைச் சாய்த்து வடித்தால் அடியில் தங்கிய மண் மறுபடி இலைமேலேயே வந்து படியும். இப்படி மூன்று முறை, மழைநாளில் நான்கு முறை. மண் தெறிப்பு இலையின் அடிப்பக்கம்தான் ஒட்டியிருக்கும் என்பதால் குழாயடியில் காட்டுவது போதாது. உடனே சமைக்காவிட்டால் கழுவாமல், ஈரமில்லாத பருத்தித் துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டிப் போட்டால் மறுநாளே கணுவிலிருந்து அழுக ஆரம்பிக்கும்.

சமைக்கும் முறையில் கடைசலே இதற்குப் பொருத்தம். ஆய்ந்த கீரை 100 கிராமுக்குத் துவரம்பருப்பு 75 கிராம், சின்ன வெங்காயம் பத்து, பூண்டு ஆறு பல், பச்சை மிளகாய் இரண்டு, தக்காளி ஒன்று, சீரகம் அரைக் கரண்டி, மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை. பருப்பை மஞ்சளோடு முக்கால் பதம் வேகவைத்துத் தனியே வையுங்கள். இன்னொரு பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது கீரையைப் போட்டு மூன்று நிமிடம் மூடாமல் வேகவிட்டு, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுங்கள். கீரைத் தண்ணீரைக் கொட்டலாமா என்று மனசு கேட்காது. ஆனால் இந்தக் கீரையில் ஆக்சலேட் உண்டு, சிறுநீரகக் கல் உருவாகக் காரணமாகும் உப்பு அது. நீரில் கரையும் பங்கு அந்தத் தண்ணீரோடு போகிறது, கூடவே கசப்பும் குறைகிறது. கரையாத பங்கு ஊசி ஊசியான படிகமாக இலையிலேயே தங்கும். முற்றிய இலையைச் சாப்பிட்டால் தொண்டை நமநமவென்பது அதனால்தான். கொழுந்தாகப் பார்த்து வாங்குவதைத் தவிர அதற்கு மாற்றில்லை.

வடித்த கீரையை வெங்காயம், பூண்டு, மிளகாய், தக்காளி, சீரகத்தோடு வெந்த பருப்பில் சேர்த்து ஏழெட்டு நிமிடம் வேகவைத்து, சட்டியில் மத்தால் கடையுங்கள். மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றினால் நார் அறுபட்டு, கீரை கூழாகி வழவழத்துவிடும். மத்தில் கடைந்தால் இலை நசுங்கும், நார் மத்தில் சுற்றிக்கொண்டு தனியே வரும். உப்பு கடைசியில். கடலை எண்ணெயில் கடுகு, வரமிளகாய், ஒரு நறுக்கிய வெங்காயம் தாளித்துக் கொட்டினால் போதும். பெருங்காயம் இதன் மண்வாசத்தை மறைத்துவிடும். ராகிக் களிக்கும் கம்பஞ்சோற்றுக்கும் இதைவிடப் பொருத்தமான தொடுகறி கிடையாது. வெள்ளைச் சோற்றுக்குக் கொஞ்சம் நெய் கேட்கும்.

கடைசல் பழுப்பாகிவிட்டது என்பது அடிக்கடி வரும் குறை. மூடி போட்டு வேகவைத்தால் கீரையிலிருந்து ஆவியாகும் அமிலம் வெளியேற வழியில்லாமல் மறுபடி பாத்திரத்திலேயே விழுந்து பச்சையத்தைக் கெடுக்கும். புளி ஊற்றுகிறவர்களும் கீரை வெந்தபின், இறக்கும் முன்புதான் ஊற்ற வேண்டும்.

அடைக்கும் இது நன்றாக இருக்கும். ஒரு ஆழாக்கு இட்லி அரிசிக்கு அரை ஆழாக்குத் துவரம்பருப்பு, கால் ஆழாக்குக் கடலைப்பருப்பு, வரமிளகாய் நான்கு. இரண்டு மணி நேரம் ஊறவைத்துக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். பொடியாக நறுக்கிய கீரை ஒரு கைப்பிடி. வார்ப்பதற்குச் சற்று முன்பு கலக்குங்கள். முன்னாலேயே கலந்து வைத்தால் உப்பு கீரையிலிருந்து நீரை இழுத்து மாவைத் தளர்த்திவிடும். அடை கல்லில் பிய்யும். தேங்காய் போட்ட பொரியல் சுமார்தான், கசப்பு முன்னால் நிற்கும்.

இனி பொடி. 100 கிராம் பாக்கெட் 60 ரூபாயிலிருந்து 120 ரூபாய் வரை போகிறது. ஒரு கிலோ பச்சை இலை காய்ந்தால் ஏறத்தாழ 150 கிராம்தான் வரும். இத்தனை ஆய்ந்து, நிழலில் உலர்த்தி, அரைத்து அந்த விலைக்கு வெறும் இலைப்பொடியாகக் கொடுப்பது கடினம். அதனால் பெரும்பாலான பொடி தண்டும் காயும் வேரும் சேர்த்து அரைத்த சமூலப் பொடிதான். அதில் தப்பில்லை, லேபிளில் அப்படிப் போட்டால். பல பாக்கெட்டுகளில் வெறுமனே ‘மூக்கிரட்டைப் பொடி’ என்று மட்டும் இருக்கும். இலையா, வேரா, சமூலமா என்று இருக்காது. தாவரவியல் பெயரும் இல்லாவிட்டால் அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

வாங்கிவிட்டீர்கள் என்றால் ஒரு கரண்டிப் பொடியைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கலக்கி ஐந்து நிமிடம் அசைக்காமல் வைத்துப் பாருங்கள். அடியில் மணல் தனி அடுக்காகத் தெரிந்தால் கழுவாமலே உலர்த்தியிருக்கிறார்கள். தண்ணீர் பளிச்சென்ற பச்சையாக மாறினால் சாயம் என்று சந்தேகிக்க வேண்டும். நிழலில் காய்ந்த கீரையின் பொடி மங்கிய சாம்பல் பச்சையாக இருக்கும், தண்ணீரைத் தவிட்டு நிறமாகத்தான் ஆக்கும். பழுப்பேறியிருந்தால் வெயிலில் காய்ந்தது அல்லது பழையது. இந்தச் சோதனைகள் சுத்தத்தைக் காட்டும். உள்ளே இருப்பது மூக்கிரட்டையா சாரணையா என்று காட்டாது. அதனால் தயாரிப்பு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பொடிக்கு நாங்கள் பாதி மதிப்பெண்ணுக்கு மேல் கொடுக்க மாட்டோம்.

உணவாக விற்கும் பாக்கெட்டில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண்ணும், தயாரித்த தேதியும், தொகுதி எண்ணும் இருக்க வேண்டும். மருந்தாக விற்றால் சித்த, ஆயுர்வேத மருந்து உற்பத்தி உரிம எண் வேண்டும். ‘சிறுநீரகக் கல் கரையும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் அந்தப் பாக்கெட்டை நம்பவே வேண்டாம். கல்லைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்து, மந்திர நிவாரண விளம்பரச் சட்டம் தடுக்கிறது. சட்டத்தை மதிக்காதவர் மணலை மட்டும் சலித்துக் கொடுப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

உண்மையில் இந்தக் கீரையை மிகவும் எச்சரிக்கையோடு அணுக வேண்டியவர்களே சிறுநீரக நோயாளிகள்தான். இதில் பொட்டாசியம் உப்பு அதிகம், சிறுநீரைப் பெருக்கும் குணம் உண்டு, ஆக்சலேட்டும் சேர்கிறது. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர் உடலில் பொட்டாசியம் தேங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். ஆக்சலேட் கல் வந்தவர்கள், நீர் பிரிய மாத்திரை, ரத்தஅழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் பொடியைத் தொடக் கூடாது. மற்றவர்கள் கீரையாக எப்போதாவது கடைந்து சாப்பிடுவது வேறு, தினமும் காலையில் வெறும் வயிற்றில் பொடி கலக்கிக் குடிப்பது வேறு.

நாட்டு மருந்துக் கடை வேரைப் பற்றிச் சுருக்கமாக. குறுக்கே வெட்டினால் வளையம் வளையமாகத் தெரிவது நல்ல வேர் என்பார்கள். சாரணை வேரிலும் அப்படி வளையம் வரும், ஆகவே அது முடிவான அடையாளம் இல்லை. சமையலுக்கு வேர் தேவையும் இல்லை. சித்த மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும், அவர் சொல்லும் கடையில் வாங்குங்கள்.

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் வழியில் ‘மலை மூலிகை’ என்று எழுதிய பாக்கெட்டுகளைப் பார்ப்பார்கள், அதில் மூக்கிரட்டையும் இருக்கும். இது வெயில் காயும் வறண்ட மண்ணை விரும்பும் செடி. 1,500 மீட்டர் உயரத்தில், காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் நிழலில், ஈரமண்ணில் இது அவ்வளவாகப் பிடிப்பதில்லை. அடிவாரத்துக் கரடுமுரடான நிலமும் சமவெளிக் காடும்தான் இதன் இடம். மலை என்ற பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

வேரோடு கட்டு வாங்கச் சொன்னதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. கீரையை ஆய்ந்த பிறகு, தடித்த வேராக மூன்று நான்கை மேலே இரண்டு கணுத் தண்டோடு விட்டு, அடியில் நல்ல ஓட்டையுள்ள பத்து அங்குலத் தொட்டியில் நடுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு கைப்பிடி. அதற்கு மேல் உரம் வேண்டாம். மொட்டை மாடியில் முழு வெயிலில் வைத்து, மேல்மண் காய்ந்தபின் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். தினமும் ஊற்றினால் வேர் அழுகிவிடும். கொடி ஒரு சாண் நீண்டதும் நுனியைக் கிள்ளத் தொடங்கலாம். காய் பிடிக்க விடாமல் கிள்ளிக்கொண்டே இருந்தால் கணுவுக்குக் கணு புதுக்கிளை வெடிக்கும். காய் விழுந்துவிட்டால் பக்கத்துத் தொட்டியெல்லாம் இதுவே முளைக்கும்.